ஜல்லியாகாத மலை

காஞ்சிபுரத்தில் மலை இல்லை. இருந்தாலும் வரதராஜப் பெருமாள் கோயிலில் மூலவர் இருக்கும் இடத்தை 'மலை' என்றுதான் ஊரில் சொல்வார்கள். அத்திகிரி என்று பெயர். 24 படி ஏறினால் உச்சி வந்துவிடும். தட்டையான ஊரில் பெருமாளுக்கென்று மனிதர்கள் கட்டிக்கொடுத்த உயரம் அது. ஆண்டு முழுக்க அந்தக் கட்டுமலையோடு திருப்திப்படும் வரதர், மாட்டுப் பொங்கலையொட்டி நடக்கும் பார்வேட்டை உற்சவத்துக்காக ஒருமுறை மட்டும் நிஜ மலை ஒன்றில் ஏறிப் பார்க்கக் கிளம்புகிறார். பல்லக்கில் ஏறி, ராத்திரியெல்லாம் வழியிலுள்ள ஊர்களில் மண்டகப்படி வாங்கிக்கொண்டு, வாலாஜாபாத் தாண்டி, 20 கிலோமீட்டருக்கும் மேல் போய்ச் சேருகிற இடம் பழையசீவரம்.

செங்கல்பட்டு சாலையில் பேருந்தில் போகிறவர்கள் அந்தக் குன்றைப் பார்த்திருப்பார்கள். பார்த்ததாக நினைவில் இருக்காது. அண்ணாந்து பார்க்கவைக்கும் உயரமெல்லாம் இல்லை. ஒரு பக்கம் சாலை, ரயில் பாதை, மறுபக்கம் பாலாறு, நடுவில் பாறையும் முள்ளுமாக ஒரு மேடு. தலபுராணம் அதைப் பத்மகிரி என்கிறது. சரிவில் லட்சுமி நரசிம்மர் கோயில், மேலே வரதர் வந்து அமர்கிற மண்டபம். காஞ்சிக்கு வருகிறவர்களின் திட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மூன்று கோயில், ஒரு பட்டுக்கடை, வயிறாரச் சாப்பாடு, இருட்டுவதற்குள் சென்னை. இந்தத் திட்டத்தில் பழையசீவரத்துக்கு இடமில்லை. அதனால் பார்வேட்டை நாளைத் தவிர மற்ற நாட்களில் இந்த மலையில் கோயிலுக்கு வரும் சிலரும் மேய்கிற ஆடுகளும்தான் துணை.

வரதர் ஏன் இத்தனை தூரம் வருகிறார் என்பதற்கு ஒரு ஐதிகம் உண்டு. 2019இல் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்து 48 நாள் காட்சி கொடுத்தபோது காஞ்சியே மூச்சுத் திணறியது. அப்போது இந்தக் கதை மறுபடி பேச்சுக்கு வந்தது. அத்திமரத்தாலான பழைய மூலவர் அனந்தசரஸ் குளத்துக்குள் போன பிறகு, சந்நிதியில் வைப்பதற்குக் கல்லாலான பெருமாள் ஒருவர் தேவைப்பட்டார். அவரைப் பழையசீவரத்திலிருந்து எடுத்துப்போனார்கள் என்பது நம்பிக்கை. மரச்சாமி தண்ணீருக்குள் இறங்கினார், மலைச்சாமி ஊருக்குள் வந்தார். ஆண்டுக்கு ஒருநாள் வரதர் இங்கே வருவது பிறந்தகத்துக்கு வருவதுபோல என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஐதிகத்தை ஐதிகமாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் இந்த வட்டாரத்தின் கதையை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்: இங்கிருந்து கல் போய்க்கொண்டே இருக்கிறது. முதலில் போனது சாமி. இப்போது போவது ஜல்லி.

ரயிலில் வருவதுதான் என் தேர்வு. செங்கல்பட்டு – காஞ்சிபுரம் பாதையில் பாலூருக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் பழையசீவரம் ஒரு சின்ன நிறுத்தம். ஓரிருவர் இறங்குவார்கள். சாலைக்கு வந்ததும் நிலைமை மாறிவிடும். டிப்பர், டாரஸ் எனக் கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். தார்ப்பாய் கட்டாத லாரி என்றால் பின்னால் வருகிறவருக்குப் பொடி அபிஷேகம். சாலையோரப் புளியமர இலைகளில் சாம்பல் படிந்திருப்பதைக் கண்டால் குவாரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம்.

நரசிம்மர் கோயில் வரை படிகள் இருக்கின்றன. சாலைச் சத்தம் படிக்குப் படி குறைந்து, கோபுரவாசலில் நிற்கும்போது தூரத்து முணுமுணுப்பாகிவிடும். தாயாரை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் நரசிம்மர். உக்கிரமான சாமியைச் சாந்தமாகப் பார்க்க வேண்டுமென்றால் இங்கே வரலாம். அர்ச்சகர் இருக்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும். சின்ன ஊர்க் கோயில்கள் நகரத்து நேரத்துக்குத் திறந்திருப்பதில்லை.

கோயிலுக்கு மேலேதான் நடை தொடங்குகிறது. பாறையும் பாறை இடுக்கில் மண்ணும் மண்ணில் முள்ளும். காரை, சூரை, ஆவாரை, சப்பாத்திக்கள்ளி, யார் விதைத்தது என்று கேட்கத் தேவையில்லாத உன்னிச் செடி. மார்கழி, தை மாதங்களில் பாறைப் பள்ளங்களில் மழைத்தண்ணீர் மிச்சம் இருக்கும். பங்குனிக்குப் பிறகு பாறை அடுப்பாகிவிடும். காலை ஒன்பது மணிக்கே கால் வைக்க முடியாது. வழி தெளிவாக இல்லாத இடங்களில் ஆட்டுப் புழுக்கையைப் பார்த்து நடந்தால் போதும். ஆடு தப்பான வழியில் போகாது.

மண்டபத்தருகே நின்று தெற்கே பார்த்தால் மூன்று ஆறுகள் கூடுகிற இடம் காலடியில் விரியும். நந்தி மலையில் பிறந்து கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் தாண்டி வந்த பாலாறு. ஜவ்வாது மலையிலிருந்து வருகிற செய்யாறு. காஞ்சிபுரத்தைத் தொட்டுக்கொண்டு வருகிற வேகவதி. மூன்றும் கூடுவதால் எதிர்க்கரை ஊருக்குத் திருமுக்கூடல் என்று பெயர். பெருமையாகச் சொல்ல நன்றாக இருக்கிறது. வேகவதியின் இன்றைய நிலையைக் காஞ்சிக்காரர்களிடம் கேட்டால் பெருமை கொஞ்சம் இறங்கும். நகரத்துச் சாக்கடையும் பட்டுக்குச் சாயம் போட்ட தண்ணீரும் கலந்துதான் அந்த ஆறு இங்கே வருகிறது. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து எனக் கடைக் கண்ணாடிக்குள் பளபளக்கும் நிறங்களின் மிச்சம் இந்த மலையடிவாரத்துக்கு வந்துதான் பாலாற்றில் சேருகிறது.

பாலாறு பெரும்பாலும் மணல்தான். அந்த மணலும் முன்பிருந்த மணல் இல்லை. குவாரி என்ற பெயரில் வருடக்கணக்காக அள்ளியதில் பல இடங்களில் களி தெரிகிறது, கருவேலம் புகுந்திருக்கிறது. அண்மை ஆண்டுகளில் பழையசீவரத்துக்கும் பழவேரிக்கும் நடுவே தடுப்பணை ஒன்று கட்டினார்கள். மழை நன்றாகப் பெய்த வருடம் அதற்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்பதை மலைமேலிருந்து பார்ப்பது ஒரு காட்சி. 2021 நவம்பரில் ஆறு தான் இன்னும் ஆறுதான் என்று ஒருமுறை காட்டியது. வாலாஜாபாத் – அவளூர் தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போனது.

ஆற்றுக்கு அப்பால் பார்வையை ஓட்டினால்தான் மற்ற மலைகள் தெரியும். தெரியும் என்பதைவிட, எங்கே இருந்தன என்பது தெரியும் என்று சொல்ல வேண்டும். திருமுக்கூடல், மதூர், சிறுமயிலூர், அருங்குன்றம், பழவேரி. உத்திரமேரூர் வட்டாரத்தில் இந்த ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே கிரஷர்தான் ஞாபகத்துக்கு வரும். குன்றின் ஒரு பக்கம் பச்சையாக இருக்கும். மறுபக்கம் செங்குத்தாக அறுத்துவிட்ட வெள்ளைச் சுவர். சில இடங்களில் குன்று முடிந்து, தரைமட்டமும் முடிந்து, அதற்குக் கீழே குழியாக இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். வேலை முடிந்து கைவிட்ட குழிகளில் பச்சை நிறத்தில் தண்ணீர். அதைக் குட்டை என்றும் ஏரி என்றும் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். 2021 பிப்ரவரியில் மதூர் குவாரியில் பாறை சரிந்து உயிர்ப்பலி நேர்ந்தபோது நான்கு நாள் இந்த ஊர்ப் பெயர் செய்தித்தாளில் வந்தது. பிறகு லாரிகள் ஓட ஆரம்பித்தன.

இந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் பொதுவாகக் கருங்கல் என்கிறோம். இந்த வட்டாரத்துக் குன்றுகளில் பெரும்பாலும் இருப்பதைப் புவியியலாளர்கள் சார்னோக்கைட் என்பார்கள். வயது சுமார் 250 கோடி ஆண்டு. பெயர் வந்த விதம் விசித்திரமானது. கல்கத்தா நகரை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக் அங்கே செத்துப்போனார். அவர் கல்லறைக்குப் போட்ட கல் சென்னையையொட்டிய பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது. தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் 1893இல் இந்தப் பாறைவகைக்குப் பெயர் வைக்கும்போது அந்தக் கல்லறைக்காரரின் பெயரையே வைத்துவிட்டார். பல்லாவரத்துப் பாறை உலகப் புவியியல் நூல்களில் கல்கத்தாக்காரர் பெயரில் வாழ்கிறது. இங்கிருந்து கல் வெளியூர் போவது மூன்று நூற்றாண்டுப் பழக்கம் என்பதற்கும் இது சாட்சி.

பல்லாவரத்தையே எடுத்துக்கொள்வோம். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு சரளைக் குழியில் மனிதன் செதுக்கிய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலம் ஆய்வுலகுக்குத் தெரியவந்தது அன்றைக்குத்தான். குழி வெட்டாமல் இருந்திருந்தால் அந்தக் கல் கிடைத்திருக்காது என்பதும் உண்மை. குவாரியை ஒரேயடியாகத் திட்டித் தீர்க்க நினைக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்து கொஞ்சம் தடுக்கும். போதாததற்கு நான் குடியிருக்கும் வீட்டின் கான்கிரீட்டில் எந்த ஊர் மலை இருக்கிறதோ!

கையால் கல் உடைத்த காலம் வேறு. பாறையில் கோடு பார்த்து, உளியால் வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு வைத்து, சம்மட்டியால் ஒரே சீராக அடித்துக்கொண்டே போனால் கல் தன் போக்கிலேயே பிளக்கும். 'கல்லுக்கும் ரேகை உண்டு, அதைப் பார்க்கத் தெரியணும்' என்பார்கள் பழைய கல்லுடைப்பவர்கள். காஞ்சி வரதர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் மூலையில் தொங்குகிற கல் சங்கிலியைப் பார்த்தவர்களுக்கு, அந்த ரேகை பார்க்கிற கண் எதுவரை போகும் என்று தெரியும். அதே ஊரில் கைலாசநாதர் கோயிலைப் பல்லவர்கள் மணற்கல்லில் எழுப்பினார்கள். 1300 ஆண்டு மழையிலும் காற்றிலும் சிங்கங்களின் முகம் கரைந்துபோனது. கருங்கல் அப்படிக் கரைவதில்லை. சிற்பிக்கு அது கொடுமை, கட்டியவனுக்கு அது நிம்மதி.

இப்போது கோடு பார்க்க யாருக்கும் நேரமில்லை. கம்ப்ரசரால் துளை போட்டு, வெடி வைத்து, மலையை மொத்தமாக உதிர்த்து, உதிர்ந்ததைக் கிரஷரில் கொட்டினால் ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, எம்-சாண்ட் என்று பிரிந்து வரும். ஆற்று மணல் கிடைப்பது குறைந்ததும் எம்-சாண்டின் தேவை ஏறியது. அதாவது ஆற்றைத் தோண்டி முடித்த பிறகு மலையை அரைத்து ஆற்று மணலுக்குப் பதிலாக வைக்கிறோம். பழையசீவரத்து மலைமேல் நின்றால் இந்த இரண்டு வேலையும் ஒரே பார்வைக்குள் அடங்கும்.

அப்படியானால் நாம் நிற்கிற இந்தக் குன்று மட்டும் எப்படித் தப்பியது?

சட்டம் என்று சொல்லலாம். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் சட்டம் எல்லா மலைக்கும் பொது. கோயில் இருந்ததால் என்பது அடுத்த பதில். அதுவும் முழுசாகச் சரியில்லை. சென்னை விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலத்தில் சோழர் காலத்துச் சிவன் கோயில் இருக்கிறது. சுற்றிலும் மலைகள், நடுவில் சாமி. சாமி அங்கேயே இருந்தார். மலைகளைக் குடைந்துகொண்டு போனார்கள். அடிவாரத்தில் கோயில் இருந்தால் மட்டும் போதாது என்று அந்த இடம் சொல்லிக்கொடுக்கிறது. சாமி மலைமேல் ஏற வேண்டும். ஆண்டுக்கு ஒருநாளாவது ஊரும் பின்னால் ஏற வேண்டும். குன்றத்தூர் முருகன் மலை நிற்கிறது, ஏனென்றால் கிருத்திகைக்குக் கிருத்திகை கூட்டம் படியேறுகிறது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் சிக்கராயபுரத்தில் யாரும் ஏறாத நிலம் கல்குழிகளாகிவிட்டது.

காலடி பட்டுக்கொண்டே இருக்கிற மலையை யாரும் புறம்போக்கு என்று சொல்லத் துணிவதில்லை என்பது என் எண்ணம். சாமிதான் ஏற வேண்டும் என்றும் இல்லை. மதுரைக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டி மலைகளை 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத்தலமாக அறிவித்தார்கள். பிறகு டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்று வந்தபோது ஊர்மக்கள் திரண்டு நின்றார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அங்கே குடைவரைச் சிவனும் சமணர் படுகையும் இருக்கின்றன, ஆனால் மலையைக் காப்பாற்றியது அதில் ஆடு மேய்த்து, சுனையில் தண்ணீர் எடுத்துப் புழங்கிய மக்கள்தான்.

சிக்கராயபுரத்தில் இன்னொரு திருப்பம். கைவிட்ட அந்தக் குழிகள் மழைநீரைப் பிடித்து வைத்திருந்தன. 2017 வறட்சியில் ஏரிகள் காய்ந்தபோது சென்னைக் குடிநீர் வாரியம் அங்கிருந்து நாளொன்றுக்குச் சுமார் 3 கோடி லிட்டர் எடுத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நகரத்துக்கு அனுப்பியது. 2019இலும் அந்தக் குழிகள் கைகொடுத்தன. மலையைத் தின்ற நகரம், மலை இருந்த பள்ளத்திலேயே தண்ணீரும் குடித்தது. உத்திரமேரூர் பக்கத்துக் குழிகளுக்கும் இப்படி ஒரு கதி வரலாம். அதுவரை அவை வேலி இல்லாத ஆழம். ஆழமற்ற கரை என்பதே கிடையாது. கால் வைத்த இடத்திலிருந்து நேராக இறக்கம். கோடை விடுமுறையில் குளிக்கப் போகிற பிள்ளைகளைப் பற்றிய செய்தி ஒவ்வொரு ஆண்டும் எங்காவது ஒரு கல்குட்டையிலிருந்து வருகிறது. குத்தகை முடிந்ததும் குழியைச் சுற்றி வேலி போடுவது ஜல்லி விற்ற பணத்தில் எத்தனை லாரிக் கணக்கு ஆகிவிடும்?

மலையிலிருந்து இறங்கினால் நடையை அங்கேயே முடித்துவிடக் கூடாது. பாலத்தில் ஏறி எதிர்க்கரைக்குப் போக வேண்டும். லாரிகளோடு பாலத்தில் நடப்பது இன்பமான அனுபவம் அல்ல, ஓரமாகப் போங்கள். திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. 1063 முதல் 1070 வரை ஆண்டவன். கோயிலோடு சேர்ந்து இங்கே ஒரு வேதபாடசாலையும் மாணவர் விடுதியும் ஆதுலசாலையும் நடந்ததை அது சொல்கிறது. வீரசோழன் என்று பெயர் கொண்ட அந்த மருத்துவமனையில் 15 படுக்கைகள். தலைமை வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அறுவைச் சிகிச்சைக்குத் தனியாக ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், ஒரு நாவிதர். யாருக்கு எவ்வளவு நெல் என்பது வரை கணக்கு இருக்கிறது.

எனக்குப் பிடித்தது மருந்துப் பட்டியல். தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம், பலாகேரண்ட தைலம் என்று ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளைப் பெயர் பெயராக வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் வாசா ஹரீதகியும் ஒன்று. ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்த மருந்து. நெஞ்சுச் சளிக்கும் இருமலுக்கும் கொடுப்பது. கல்பொடியை மூச்சோடு இழுத்து இழுத்து நெஞ்சு கட்டிப்போன குவாரித் தொழிலாளிகள் இன்று அதே ஊர்த் தெருக்களில் இருமிக்கொண்டு போகிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் இந்த ஆற்றங்கரையில் இருமலுக்கு ஒரு கட்டிலும் மருந்தும் இருந்தன.

பார்வேட்டை நாளன்று ஐந்து பெருமாள்கள் இந்தத் திருமுக்கூடல் கோயிலில் சந்திக்கிறார்கள். மலையேறி இறங்கிய காஞ்சி வரதர், பழையசீவரம் நரசிம்மர், காவாந்தண்டலம் லட்சுமி நாராயணர், சாலவாக்கம் சீனிவாசர், உள்ளூர் வெங்கடேசர். சுற்றுவட்டாரம் முழுக்கத் திரண்டுவிடும். கரும்பும் பலூனும் பொரியும் வறுத்த கடலையுமாக ஆற்றங்கரை சந்தையாகிவிடும். கூட்டம் பிடிக்கும் என்றால் அன்றைக்கே வாருங்கள். நடக்கத்தான் ஆசை என்றால் வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

காலை முதல் ரயிலில் வந்து, வெயில் ஏறுவதற்குள் மலையை முடித்துவிட்டு, கோயில் நடை சாத்துவதற்குள் திருமுக்கூடல் போய்விடலாம். மேலே தண்ணீரும் கிடையாது, நிழலும் குறைவு. இரண்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும், அதாவது பாட்டிலும் குடையும். கூட வரும் பிள்ளைகள் தூரத்தில் பச்சையாகத் தெரிகிற தண்ணீரைக் காட்டி அங்கே போகலாம் என்பார்கள். மலைமேலிருந்து பார்த்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள்.